கதை வாசிப்பு வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கும் வணக்கம், அவர்களுக்கு அறிக்கையின் நகல் அனுப்பப்படும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த அறிக்கையின் முதல் வரைவைச் செயற்குழுவில் வாசித்தபோது, சில பெயர்களை எடுத்துவிடும்படி கேட்டுக்கொண்டார்கள். எடுத்துவிட்டேன். இது மூன்றாவது வரைவு.

ஆண்டு முழுவதும் 12 கூட்டங்கள் திட்டமிட்டோம், 9 நடந்தன. மீதி 3 மாதமும் கூட்டம் நடத்தத் தேவையான எண்ணிக்கையில் ஆள் சேரவில்லை. புதிதாக 4 பேர் சேர்ந்தார்கள், 3 பேர் விலகினார்கள். நூலகப் பெட்டிக்குப் பூட்டு மாற்றப்பட்டது. பேச்சாளர் ஒருவர் வருவதாக இருந்தது, வரவில்லை.

இனி முக்கியமான வேலைக்கு வருகிறேன். தேவதைக் கதைகளை நம் உறுப்பினர்களே புதிதாகச் சொல்லி, பெரியவர்களுக்கு ஒன்று, குழந்தைகளுக்கு ஒன்று என இரண்டு கையெழுத்துத் தொகுப்புகள் கொண்டுவருவது என்று சென்ற பொதுக்குழுவில் தீர்மானித்தோம். கை தட்டியவர்கள் பலர். ஒரு கதையை மாற்றிச் சொல்வதற்கு முன் அதன் பழைய வடிவங்களில் இரண்டையாவது படித்துவிட வேண்டும் என்பது என் எண்ணம். இதற்காகத்தான் ‘இரட்டை வாசிப்பு’ தொடங்கினேன். “சிண்ட்ரெல்லா கதை எங்களுக்குத் தெரியாதா?” என்று அன்றே ஒருவர் கேட்டார்.

தெரியாது என்பதுதான் தெரியவந்தது. பூசணிக்காய் வண்டியும் கண்ணாடிச் செருப்பும் 1697இல் பிரான்சின் பெரோ எழுதியவை. ஜெர்மனியில் கதைகளைத் தொகுத்த கிரிம் சகோதரர்களின் சிண்ட்ரெல்லாவில் தேவதையே கிடையாது. அம்மாவின் சமாதி மேல் வளர்ந்த மரமும் அதில் வந்து உட்காரும் பறவையும்தான் உடை தருகின்றன. அதற்கும் முன்னால், 1630களில் நேப்பிள்ஸில் அச்சான பஸீலேயின் கதையில், பெட்டி மூடியைக் கழுத்தின் மேல் தள்ளி அந்தப் பெண்ணே ஒரு சித்தியைக் கொன்றுவிடுகிறாள். இதை வாசித்ததும் கூட்டத்தில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. 1893இலேயே மரியன் காக்ஸ் என்ற ஆய்வாளர் இந்தக் கதைக்கு 345 வடிவங்களைத் திரட்டியிருக்கிறார். நாம் படித்தது மூன்றுதான்.

அப்புறம் அந்தப் புகார். குழந்தைகள் வாசிப்பு நாளில் நான் கிரிம் வடிவத்தை வாசித்தேன். செருப்புக்குள் கால் நுழைய ஒரு சகோதரி விரலை வெட்டிக்கொள்கிறாள், இன்னொருத்தி குதிகாலை. கடைசியில் புறாக்கள் இருவர் கண்களையும் கொத்திவிடுகின்றன. மறுநாளே எனக்கு ஓர் உறுப்பினரிடமிருந்து எழுத்துமூலப் புகார் வந்தது. குழந்தைகளைப் பயமுறுத்திவிட்டேனாம். அன்று இருந்தவர்களுக்குத் தெரியும், பயந்தது பின்வரிசையில் இருந்த பெரியவர்கள்தான். குழந்தைகள் “எந்தக் கால்?” என்று கேட்டார்கள். ஒரு சிறுமி, “இளவரசர் மூஞ்சியைப் பார்க்கவே மாட்டாரா?” என்று கேட்டாள். மூன்று நாள் விழாவிலும் கூட ஆடிய பெண்ணை அடையாளம் காண அவருக்குச் செருப்பு வேண்டியிருக்கிறது. என்னிடம் பதில் இல்லை. இந்த ஆண்டு நம் வட்டத்தில் எழுந்த மிக நல்ல கேள்வி அதுதான் என்று பதிவேட்டில் எழுதிவைத்திருக்கிறேன்.

கண் கொத்தும் பகுதியை விட்டிருக்கலாம், அது என் தவறுதான். ஆனால் அந்தப் பகுதி 1812 முதல் பதிப்பில் கிடையாது, 1819இல்தான் சேர்த்தார்கள். முதல் பதிப்பை எடுத்துப்போயிருந்தால் பிரச்சினையே வந்திருக்காது. அதன் மொழிபெயர்ப்பு நம் பெட்டியில் இருக்க வேண்டிய புத்தகம். ஆண்டு தொடக்கத்தில் ஓர் உறுப்பினர் வாங்கிப்போனார், இன்னும் வரவில்லை. புகார் எழுதியவரும் புத்தகத்தை வைத்திருப்பவரும் ஒரே ஆளா என்று யாரும் கேட்க வேண்டாம். பெயர்களைத்தான் எடுத்துவிட்டேனே.

புகாரில் இன்னொன்றும் இருந்தது: நாம் அசல் கதைகளைக் கெடுக்கிறோமாம். எது அசல்? கிரிம் சகோதரர்கள் 1812 முதல் 1857 வரை 7 பதிப்புகள் போட்டார்கள். முதல் பதிப்பில் ஸ்னோ ஒயிட்டைக் கொல்லச் சொன்னது பெற்ற தாயே, 1819இல் அவள் சித்தியானாள். ஹான்சலையும் கிரெட்டலையும் காட்டில் விடச் சொன்ன தாய் சித்தியாக 1840 வரை ஆயிற்று. அதே முதல் பதிப்பில், கோபுரத்தில் அடைபட்ட ராபன்ஸல், “என் உடைகள் ஏன் இறுகிக்கொண்டே வருகின்றன?” என்று தன்னை அடைத்துவைத்த தேவதையிடம் வெகுளியாகக் கேட்பாள். அந்த ஒரு வரியிலேயே அவள் கர்ப்பமாக இருக்கும் விஷயம் வெளிவந்துவிடும். பிள்ளைகள் படிக்கும் புத்தகத்தில் இதுவா என்று அன்றே எதிர்ப்பு வந்து, பிறகு அந்த வரியை மாற்றினார்கள். வயிற்றை மறைத்துவிட்டுக் கண்ணைக் கொத்துவதைச் சேர்த்திருக்கிறார்கள் என்றால், குழந்தைகளுக்கு எது ஆகாது என்பதில் அவர்கள் கணக்கு நம் கணக்கு அல்ல.

தவளை இளவரசனை அவள் முத்தமிடவில்லை, சுவரில் வீசி அடித்தாள். ஸ்னோ ஒயிட்டும் முத்தத்தால் விழிக்கவில்லை, பெட்டியைத் தூக்கிச் சென்றவர்கள் தடுமாறியதில் ஆப்பிள் துண்டு வெளியே வந்தது. இவற்றை நான் சொன்னபோது சிலர் ஏமாற்றமடைந்தார்கள். அதற்கு நான் பொறுப்பல்ல.

சிவப்புத் தொப்பிக்காரியை (லிட்டில் ரெட் ரைடிங் ஹூட்) பற்றி மட்டும் கொஞ்சம் சொல்லியே ஆக வேண்டும். பெரோவிடம் ஓநாய் அவளை விழுங்குவதோடு கதை சரி. கிரிம்களிடம் வேட்டைக்காரன் வந்து வயிற்றைக் கிழித்துக் காப்பாற்றுகிறான். பிரான்ஸில் வாய்வழியாகச் சொல்லப்பட்ட ஒரு வடிவத்தில் அவளே, “வெளியே போய்விட்டு வருகிறேன்” என்று சொல்லித் தப்பிவிடுகிறாள். எதற்கு வெளியே என்பதைக் குழந்தைகள் உடனே புரிந்துகொண்டு அரைமணி நேரம் சிரித்தார்கள். தன் புத்தியால் தப்பும் பெண் நம் காலத்துக் கண்டுபிடிப்பு என்று நினைத்திருந்தோம். அவள் எப்போதோ தப்பி ஓடிவிட்டிருக்கிறாள்.

பெரியவர்கள் தொகுப்புக்கும் இதே விளக்கம் தேவைப்பட்டது. தேவதைக் கதை என்ற பெயரையே பரப்பிய பிரான்சின் டோல்னுவா சீமாட்டி எழுதியது வளர்ந்தவர்கள் கூடிய அவைகளுக்குத்தான். அழகியும் விலங்கும் கதை 1740இல் நீண்ட நாவலாக வந்தது, 1756இல்தான் அது சிறுமிகளுக்காகச் சுருங்கியது. ஆங்கில எழுத்தாளர் ஏஞ்சலா கார்ட்டர் 1979இல் பழைய கதைகளைப் புதிதாகச் சொன்ன தொகுப்பிலிருந்து ஒரு கதை வாசித்தோம், நல்ல வரவேற்பு. ஆனால் அதன் பிறகு எழுத உட்கார்ந்தவர்கள் எல்லாரும் ஓநாயை நல்லவனாக்கினார்கள், சித்திக்கு ஒரு சோகக் கதை கொடுத்தார்கள். சட்டையை உள்வெளியாகத் திருப்பிப் போட்டால் அது புதுச் சட்டை ஆகாது என்று ஒரு கூட்டத்தில் சொன்னேன். அதுவும் புகாரில் இருக்கிறது.

எழுதித் தருவதாகப் பெயர் கொடுத்தவர்கள் 14 பேர். வந்தவை 4. அவற்றில் 2 என்னுடையவை என்று சுட்டிக்காட்டினார்கள், உண்மைதான். மற்றவர்கள் தந்திருந்தால் நான் எழுத வேண்டியிருக்காது. மீதி இரண்டில் ஒன்று, நொண்டி நடக்கும் மூத்த சகோதரி சொல்வதாக வரும் சிண்ட்ரெல்லா. அதை எழுதியவர் இந்த ஆண்டு சேர்ந்த புது உறுப்பினர், எங்கள் எல்லாரையும்விட நன்றாக எழுதுகிறார்.

கணக்கு: வரவும் செலவும் ஏறக்குறையச் சரியாக இருப்பதாகப் பொருளாளர் சொல்லச் சொன்னார். ‘இதர செலவு’ சற்றுக் கூடுதல், விவரம் அவரிடம் இருக்கிறது.

சந்தா: 31 உறுப்பினர்களில் கட்டியவர்கள் 17 பேர். அவர்களில் 5 பேர் மூன்று நினைவூட்டலுக்குப் பிறகு கட்டினார்கள். கட்டாத 14 பேரும், எழுதுவதாகச் சொன்ன 14 பேரும் வேறு வேறு ஆட்கள் என்றால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். பெட்டிக்குத் திரும்ப வேண்டிய புத்தகங்கள் 6. கிரிம்களின் முதல் பதிப்பு முழுமையாக ஆங்கிலத்தில் வர 2014 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஜாக் ஸைப்ஸ் மொழிபெயர்த்தார். இந்த அறிக்கையின் முதல் வரைவுக்கு அவ்வளவு காலம் ஆகாது, பெயர்களோடு என்னிடம் பத்திரமாக இருக்கிறது.

இடம் தந்தவர்களுக்கும், நாற்காலி எடுத்துப் போட்டவர்களுக்கும், தலைவருக்கும், துணைத்தலைவருக்கும் நன்றி. பின்வரிசைப் பெரியவர்களுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு குழந்தைகள் தொகுப்பையாவது முடிக்க வேண்டும். இன்னும் 6 கதைகள் வேண்டும், படம் வரைய ஒருவர் வேண்டும், என் கையெழுத்தைப் படித்துத் தட்டச்சு செய்யப் பொறுமையுள்ள ஒருவர் வேண்டும். செயலாளர் பதவியில் இது எனக்கு 4ஆவது ஆண்டு. வேறு யாராவது முன்வந்தால் பதிவேட்டையும் பெட்டிச் சாவியையும் பாதி எழுதிய நீலத்தாடிக் கதையையும் இன்றே ஒப்படைத்துவிடுவேன். மனைவியிடம் சாவியைக் கொடுத்து, ஓர் அறையை மட்டும் திறக்கக் கூடாது என்ற நீலத்தாடி போல் நிபந்தனை எதுவும் போட மாட்டேன், பெட்டியைத் தாராளமாகத் திறந்து பார்க்கலாம். 6 புத்தகம் குறையும், அவ்வளவுதான்.

செயலாளர்