சதவீதத்தைக் காட்டிப் பழி சுமத்த வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சமூக வலைத்தளங்களில் செயற்கை நுண்ணறிவு எழுதும் பதிவுகளை அடையாளம் காணும் கருவிகள் பற்றித் தங்கள் இதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். அவை காட்டும் சதவீதத்தை அப்படியே நம்பலாம் என்ற தொனி அதில் இருந்ததால் இதை எழுதுகிறேன்.

என் தாயார் மறைந்தபோது, அவரைப் பற்றி ஆறே வரியில் ஓர் அஞ்சலிக் குறிப்பை முகநூலில் இட்டேன். பார்வை மங்கிய பிறகும் ஊசியில் நூல் கோக்க அவர் யாரையும் விட்டதில்லை என்று அதில் எழுதியிருந்தேன். முன்பின் அறியாத ஒருவர் அதை ஒரு கருவியில் இட்டுப் பார்த்து, ‘87 சதவீதம் இயந்திரம் எழுதியது’ என்ற ஸ்கிரீன்ஷாட்டைக் கீழே ஒட்டினார். ஆறுதல் சொல்ல வந்தவர்களும் அதைப் பற்றியே பேசத் தொடங்கிவிட்டார்கள். நான்தான் எழுதினேன் என்று நிரூபிக்க என்னிடம் என்ன இருக்கிறது?

ஒரு சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வரும் என்பதை எவ்வளவு எளிதாக ஊகிக்க முடிகிறது என்று அளந்து, ஊகம் எளிதானால் அது இயந்திரத்தின் எழுத்து என்று இக்கருவிகளில் பல முடிவு கட்டுகின்றன. இரங்கலிலும் வாழ்த்திலும் நாம் எல்லோருமே பழகிய சொற்களைத்தானே கையாள்கிறோம்? துக்கத்தில் இருப்பவர் புதுச் சொல் தேடிக்கொண்டிருக்க மாட்டார். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐ நிறுவனம் 2023 ஜனவரியில் வெளியிட்ட கண்டறியும் கருவியே, 1,000 எழுத்துகளுக்குக் குறைந்த பதிவுகளில் நம்பத்தக்கதல்ல என்றும் ஆங்கிலத்துக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்றும் அந்நிறுவனத்தால் எச்சரிக்கப்பட்டிருந்தது. அவர்களுடைய சோதனையிலேயே அது இயந்திர எழுத்தில் 26 சதவீதத்தை மட்டும் பிடித்து, மனிதர் எழுதியதில் 9 சதவீதத்தின் மீது தவறாகப் பழி போட்டது. துல்லியம் போதாதென்று ஜூலையில் திரும்பப் பெறப்பட்டது. அதே ஆண்டில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஏழு கருவிகளைச் சோதித்தபோது, ஆங்கிலம் தாய்மொழியல்லாதவர்கள் டோஃபல் என்ற ஆங்கிலத் திறன் தேர்வுக்காக எழுதிய கட்டுரைகளில் சராசரியாகப் பாதிக்கு மேற்பட்டவற்றுக்கு இயந்திர எழுத்து என்ற முத்திரை விழுந்தது.

போலிக் கணக்குகளைக் கண்டுபிடிக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் ஒரே கருத்து, சொற்கள் மட்டும் மாறி, பல கணக்குகளிலிருந்து சில நிமிட இடைவெளியில் வருவதும், நேற்றுத் தொடங்கிய கணக்கு இரவு பகலாக ஓயாமல் பதிவிடுவதும் ஆறு வரிகளின் நடையைவிட உறுதியான தடயங்கள். இனி இத்தகைய கருவிகளைப் பற்றி எழுதும்போது, அவை எத்தனை மனிதர்கள் மீது தவறாகக் குற்றம் சாட்டுகின்றன என்ற கணக்கையும் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்