பன்னிரண்டு மணிச் சங்கு

அன்புள்ள விஜி,

நார்த்தங்காய் ஊறுகாய் வந்து சேர்ந்தது. கஸ்டம்ஸில் பிரித்துப் பார்த்துவிட்டு அப்படியே ஒட்டி அனுப்பியிருக்கிறார்கள். அத்தைக்கு என் நமஸ்காரம். ரகுவின் முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது. சின்னவள் கார் ஓட்டப் பழகுகிறாள், அதைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை.

இப்போது விஷயம். இங்கே டெக்சஸில் எங்கள் ஊர்க் கவுன்சில் கூட்டத்தில் நான் எழுந்து பேசினேன். ஆமாம், நானேதான். ஆண்டுவிழாவில் 'மாண்புமிகு' வரைக்கும் வந்து நின்றுபோன அதே மாலாதான். சிரித்து முடித்துவிட்டு மேலே படி. கல்பனாவிடம் இப்போதைக்குச் சொல்லாதே, வாட்ஸாப்பில் ஊருக்கே போய்விடும்.

ஊரை ஒட்டி ஓடும் ஓடைக்கு வெள்ளச் சைரன் வைப்பதா வேண்டாமா என்பதுதான் பேச்சு. ஒரு கவுன்சிலர், நல்ல மனுஷர்தான், "எல்லார் கையிலும் போன் இருக்கிறது, எதற்குத் தண்டச் செலவு?" என்றார். பாதிப் பேர் தலையாட்டினார்கள். அதற்குமேல் என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை.

2025 ஜூலை 4 வெள்ளத்தைப் பற்றி அப்போது போனில் பேசினோமே, குவாடலூப் ஆறு, கெர் கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி)? எங்களுக்கு ஒன்றரை மணி நேரக் கார் தூரம். 45 நிமிடத்தில் 26 அடி ஏறிய தண்ணீர். டெக்சஸில் மொத்தம் 130 பேருக்கு மேல் போனார்கள். கேம்ப் மிஸ்டிக் என்ற கோடை முகாமில் மட்டும் சிறுமிகளும் அவர்களைப் பார்த்துக்கொண்ட இளம்பெண்களுமாக 27 பேர். அப்போது உன்னிடம் அழுதேனே தவிர, விவரம் எதுவும் எனக்குத் தெரியாது. கூட்டத்துக்காக உட்கார்ந்து படித்தபோதுதான் வயிறு எரிந்தது.

தெரியாமல் நடந்த விஷயமே இல்லை விஜி. முந்தின நாள் மதியமே வானிலை மையம் உஷார்படுத்திவிட்டது. இரவு 1.14-க்குத் திடீர் வெள்ள எச்சரிக்கை, 4.03-க்கு அதைவிடக் கடுமையான அவசர அறிவிப்பு. எல்லாம் போனுக்குப் போயின. ஆனால் அந்தப் பள்ளத்தாக்கில் பல இடங்களில் சிக்னல் கிடையாது, முகாமில் பிள்ளைகள் போன் வைத்துக்கொள்ளவும் கூடாது. சிக்னல் இருந்த வீடுகளில் எல்லாரும் தூக்கத்தில். 4.22-க்கு ஒரு தீயணைப்பு வீரர் ரேடியோவில் கூப்பிட்டு, ஊராருக்கு அவசரச் செய்தி அனுப்பச் சொல்கிறார். மேலதிகாரியிடம் கேட்க வேண்டும் என்று பதில். எந்த நாட்டுக்குப் போனாலும் இந்த மேலதிகாரி மட்டும் நமக்கு முன்னால் போய் உட்கார்ந்திருக்கிறார்!

இதற்கெல்லாம் பல வருஷம் முன்பே அங்கே சைரன் பேச்சு எழுந்திருக்கிறது. 2016-இல் நடந்த கூட்டத்தில் கவுண்டி நிர்வாகக் குழு உறுப்பினர் ஒருவர், நடுராத்திரியில் இந்தச் சனியன் அலறினால் நான் திரும்பக் குடிக்க ஆரம்பித்துவிடுவேன் என்று வேடிக்கையாகச் சொன்னாராம். அப்புறம் எச்சரிக்கை அமைப்புக்காகக் கிட்டத்தட்ட பத்து லட்சம் டாலர் மானியம் கேட்டார்கள், கிடைக்கவில்லை. 2021-இல் கோவிட் நிவாரணமாக ஒரு கோடி டாலருக்கு மேல் வந்தபோது, அதில் பெரும்பங்கு போலீஸ் ரேடியோக்களுக்கும் சம்பளத்துக்கும் போனது. ரேடியோவும் தேவைதான், மறுக்கவில்லை. இத்தனை பேர் போன பிறகு சட்டசபை கூடி, சைரனுக்கும் வெள்ள அளவுக் கருவிகளுக்கும் ஐந்து கோடி டாலர் ஒதுக்கியது. முன்பு கேட்டது அதில் ஐம்பதில் ஒரு பங்கு.

இன்னொரு கூத்தையும் கேள். அதே ஜூலையில்தான் வாஷிங்டனில் பொது வானொலிக்கு என்று வைத்திருந்த 110 கோடி டாலரைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். சிக்னல் இல்லாத பல கிராமங்களில் எச்சரிக்கை கேட்பதே அந்த வானொலியில்தான்.

இதெல்லாம் புலம்பல். நான் உனக்குச் சொல்ல வந்தது காம்ஃபர்ட் என்ற ஊரைப் பற்றி. அதே ஆறு, கொஞ்சம் கீழே, இரண்டாயிரம் பேர் இருக்கலாம். 1987 வெள்ளத்தில் ஒரு தேவாலய முகாமின் பிள்ளைகள் பத்துப் பேரை அந்த ஊர்ப் பக்கத்தில்தான் ஆறு அடித்துப் போனது. அதனால்தானோ என்னவோ, அங்கே தீயணைப்புப் படையே நிதி திரட்டி நிலையத்துக்குப் புதுச் சைரன் வாங்கியது. பழையதைக் காயலான் கடைக்குப் போடாமல் ஊர்ப் பூங்காவில் நிறுத்தி, ஓடையின் நீர்மட்டக் கருவியோடு இணைத்தார்கள். காது பழகட்டும் என்று தினமும் நண்பகல் பன்னிரண்டுக்கு ஊதினார்கள். வேறு நேரத்தில் ஊதினால் என்ன ஏது என்று உடனே விசாரிக்க வேண்டும், அவ்வளவுதான் ஊருக்குச் சொன்ன பாடம். ஜூலை 4 அன்று வேறு நேரத்தில் ஊதியது. காம்ஃபர்ட்டில் ஒரு உயிர் போகவில்லை. கீழே இருக்கும் ஊர், தண்ணீர் வந்துசேர நேரம் இருந்தது என்பது உண்மைதான். ஆனால் நேரம் இருந்தும் ஒருவரும் சொல்லாமல் போனால் என்ன ஆகும் என்று நாகப்பட்டினத்துக்காரியிடமா விளக்க வேண்டும்?

அதைத்தான் அங்கே பேசினேன். ஆளுக்கு மூன்று நிமிடம், எதிரே சிவப்பு எண்களில் கடிகாரம் கீழிறங்கிக்கொண்டே வரும். 2004 டிசம்பர் 26, காலை ஆறரைக்குச் சுமத்ராவில் பூமி நடுங்கியது, ஒன்பது மணி வாக்கில் கடல் எங்கள் ஊருக்குள் வந்தது என்றேன். இரண்டரை மணி நேரம். ஒரு குரல் வரவில்லை. எங்கள் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல். செல்வியைப் பற்றிச் சொல்லவில்லை, வாய் வரவில்லை. பிறகு புதுச்சேரி நல்லவாடு கதையைச் சொன்னேன். சிங்கப்பூரிலிருந்து ஊர்க்காரர் ஒருவர் செய்தியைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போன் போட, இளைஞர்கள் கிராமத் தகவல் மையத்தில் இருந்த ஒலிபெருக்கியில் கத்தி ஊரையே கிளப்பிவிட்டார்கள், ஊர் பிழைத்தது. போன் ஒருவரிடம்தான் வந்தது, ஊரை எழுப்பியது குழாய் ஒலிபெருக்கி என்று முடித்தேன். எண் பூஜ்யத்துக்கு வந்துவிட்டது. தலைவி என்னை நிறுத்தவில்லை.

முடிவு எடுக்கவில்லை. 'ஆய்வு செய்ய' ஒரு குழு போட்டிருக்கிறார்கள், அதில் என்னையும் சேர்த்திருக்கிறார்கள். ரகு என்னை இப்போது 'கவுன்சிலரம்மா' என்கிறார். பாத்திரம் கழுவுவது மட்டும் கவுன்சிலரம்மாதான்.

அதனால் உன்னிடம் ஒரு வேலை. 2007-இலிருந்து ஹைதராபாதில் சுனாமி எச்சரிக்கை மையம் இருக்கிறது, நிலநடுக்கம் வந்தால் சில நிமிடங்களில் சொல்லிவிடுவார்கள். 2023-இல் எல்லார் போனையும் அலறவைத்து ஒத்திகை பார்த்தபோது உன் மாமனார் போனைத் தண்ணீர்க் குடத்தில் போட்டதை நான் மறக்கவில்லை. எனக்கு வேண்டியது அந்த எச்சரிக்கை வீட்டு வாசலுக்கு வந்துசேரும் கடைசி நூறு அடி. உங்கள் பக்கம் கடற்கரையில் சைரன் கம்பம் நட்டார்கள் என்று ஒருமுறை எழுதியிருந்தாயே, அது கடைசியாக எப்போது ஒலித்தது? பேட்டரியை மாற்றுவது யார், அந்தப் பணம் எந்தக் கணக்கில் வருகிறது? ராத்திரி இரண்டு மணிக்குப் பொத்தானை அழுத்த யாருக்கு அதிகாரம், அந்த ஆள் ஊரிலேயே இருக்கிறாரா? வைப்பதற்கு எங்கிருந்தாவது பணம் வந்துவிடும், விழா எடுக்கலாம், பெயர் பொறிக்கலாம். பத்து வருஷம் பார்த்துக்கொள்ளும் பணத்தைத்தான் முதலிலேயே எழுதி வாங்க வேண்டும் என்று நான் குழுவில் அடம்பிடிக்கப் போகிறேன், அதற்கு ஒரு உதாரணமாவது வேண்டும். நல்ல உதாரணமோ கெட்ட உதாரணமோ, நிஜமாக இருந்தால் போதும்.

அலுவலகத்தில் கேட்காதே, கோப்பைக் காட்டுவார்கள். அக்கரைப்பேட்டையில் மீன் வாங்கும்போது அந்தப் பெண்களிடம் கேள். குழு அடுத்த மாதம் கூடுகிறது, அதற்குள் எழுது.

அன்புடன்,
மாலா