கையெழுத்துப் போடுவதற்கு முன்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்து நாலு நாள் ஆகிறது. என்னவெல்லாமோ எழுதிக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன்.

விவாகரத்து ஆனால் “பையனை யாருக்குக் கொடுப்பார்கள்?” என்று கேட்டிருக்கிறாய். முதல் நாள் என் வக்கீலிடம் நானும் இதையேதான் கேட்டேன். “கொடுப்பதற்குப் பிள்ளை என்ன பாத்திரமா பண்டமா?” என்றார். அன்றைக்கு எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்திருக்கிறது. இங்கிலாந்தில் பிள்ளை அப்பாவுக்குச் சொந்தம். 1839-இல் வந்த சட்டம்தான், ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளையைத் தன்னிடம் விடும்படி மனுப் போடத் தாய்க்கு வழிவிட்டது. இன்று பெரும்பாலான நீதிமன்றங்கள் பிள்ளைக்கு எது நல்லது என்றுதான் பார்க்கின்றன.

கஸ்டடி என்று நாம் சொல்வதில் இரண்டு விஷயம் இருக்கிறது. பிள்ளை யாரோடு தங்குவது என்பது ஒன்று. எந்தப் பள்ளி, என்ன சிகிச்சை, எந்த மதம் என்று தீர்மானிக்கும் சட்டப்படியான பொறுப்பு இன்னொன்று. பிள்ளை ஒருவரிடம் வளர்ந்தாலும் இந்தப் பொறுப்பை இருவருக்கும் சேர்த்துக் கொடுப்பதுண்டு. இருவரும் முகம் பார்த்துப் பேசவே முடியாது என்றால் ஒருவரிடமே விட்டுவிடுவார்கள். நீ வாரத்துக்கு எத்தனை நாள் என்ற கணக்கையே ரெண்டு பக்கம் எழுதியிருக்கிறாய். இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

நான் அங்கேதான் கோட்டைவிட்டேன். இடைக்கால உத்தரவுதானே என்று, சரியாகப் படிக்காமலே சம்மதித்துக் கையெழுத்துப் போட்டேன். வழக்கு இரண்டு வருடம் இழுத்தது. அதற்குள் மகள் அந்த ஏற்பாட்டுக்குப் பழகிவிட்டாள். பழகியதைக் கலைக்க நீதிபதிக்கு மனம் வரவில்லை. அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

அவளைத் தனியறையில் கூப்பிட்டுப் பேசினார். அம்மாவா அப்பாவா என்று கேட்கவே இல்லையாம். தோழிகள், வீட்டுப்பாடம், யார் தூங்கவைப்பார்கள் என்றுதான் பேச்சு. வயதையும் பக்குவத்தையும் பார்த்துத்தான் பிள்ளையின் சொல்லுக்கு எடை போடுவார்கள். உன் பையனுக்கு எதையும் சொல்லிக்கொடுத்து அனுப்பாதே, பிடிபட்டுவிடும். அப்புறம், ராத்திரி கோபத்தில் உன் மனைவிக்கு மெசேஜ் அனுப்புகிற பழக்கத்தையும் நிறுத்து. என்னுடையதைக் கோர்ட்டில் உரக்கப் படித்தார்கள்.

மகள் இப்போது கல்லூரி இரண்டாம் வருடம். உன்னை விசாரித்தாள்.

சமரசப் பேச்சுக்குத் தேதி கொடுத்துவிட்டார்களா? அங்கே என்ன எழுதி நீட்டினாலும், கையெழுத்துப் போடுமுன் எனக்கு ஒரு பிரதி அனுப்பு.

அன்புடன்,
மணி