ஹாங்க் ஆரனுக்கு வந்த கடிதங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நான் திருச்சியில் ரயில்வே தபால் பிரிவான ஆர்.எம்.எஸ்.ஸில் 34 ஆண்டுகள் தபால் பிரித்து ஓய்வு பெற்றவன். வயது 71. அட்லாண்டாவில் இருக்கும் மகள் வீட்டுக்கு வந்த இடத்தில், போன மார்ச்சில் கொரோனாவால் விமானங்கள் நின்றுபோய் இங்கேயே தங்கிவிட்டேன். அமெரிக்க பேஸ்பால் வீரர் ஹாங்க் ஆரன் ஜனவரி 22-ம் தேதி தமது 86-வது வயதில் காலமான செய்தியை உங்கள் இணையப் பதிப்பின் விளையாட்டுப் பக்கத்தில் படித்தேன். நான்கு வரிதான், ஆனால் சரியாக இருந்தது. அதே வாரம் எங்கள் ஓய்வூதியர் வாட்ஸப் குழுவில் வேறொரு செய்தி வந்தது. அமெரிக்காவின் பெரிய பேஸ்பால் வீரர் கொரோனா ஊசி போட்டு இறந்துவிட்டார், யாரும் போட்டுக்கொள்ள வேண்டாம் என்று. அனுப்பியவர் என்னோடு ஒரே மெயில் வண்டியில் இருபது வருடம் வேலை பார்த்த நண்பர். அதனால்தான் இந்தக் கடிதம்.

எனக்கு பேஸ்பால் தெரியாது. பந்தை மைதானத்துக்கு வெளியே அடித்தால் ஹோம் ரன், நம் சிக்ஸர் மாதிரி என்ற அளவுக்கு மருமகன் சொல்லிக்கொடுத்தார். ஆரனைப் பற்றி அவர் சொன்னதில் என்னைப் பிடித்து நிறுத்தியது வேறு ஒரு கணக்கு. 1973-ல் அந்த ஒரு மனிதருக்கு 9,30,000 கடிதங்கள் வந்தன. அரசியல்வாதி அல்லாத ஒருவருக்கு இவ்வளவு தபால் வந்ததில்லை என்று அமெரிக்கத் தபால் துறையே அவருக்கு ஒரு பட்டயம் கொடுத்தது. நான் தாளில் வகுத்துப் பார்த்தேன். ஒரு நாளைக்கு 2,500-க்கு மேல், வருடம் முழுக்க! தபால் பிரித்த கை என்பதால் சொல்கிறேன், ஒரே பெயருக்கு அத்தனை உறைகள் தினமும் வந்து குவிவதை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

அதில் ஏராளமானவை கொலை மிரட்டல்கள். பேப் ரூத் என்ற வெள்ளைக்கார வீரரின் 714 ஹோம் ரன் சாதனையை ஒரு கறுப்பர் நெருங்குகிறார், அதுதான் குற்றம். கல்லூரியில் படித்த மகளைக் கடத்துவோம் என்றும் மிரட்டல் வந்தது. கடிதங்களைப் பிரித்துப் பார்க்கவே கார்லா கோப்ளின் என்ற செயலாளர் இருந்தார். பைனாகுலர் உறைக்குள் துப்பாக்கியை வைத்துக்கொண்டு ஒரு போலீஸ்காரர் பார்வையாளர் வரிசையில் காவலுக்கு உட்கார்ந்தார். இந்த விஷயம் வெளியே தெரிந்த பிறகு நல்ல மனிதர்கள் எழுத ஆரம்பித்தார்கள். அன்பான கடிதங்களும் மூட்டை மூட்டையாக வந்தன. ஆனால் ஆரன் அந்த மிரட்டல் கடிதங்களை எரிக்கவில்லை. பல வருடங்கள் பத்திரமாக வைத்திருந்தார்.

1974 ஏப்ரல் 8 இரவு, இதே அட்லாண்டாவில், ஐம்பதாயிரம் பேருக்கு மேல் பார்த்துக்கொண்டிருக்க 715-வதை அடித்தார். அப்புறம் 755 வரை போனார். அலபாமாவின் மொபீல் நகரத்தில் துடைப்பக் கட்டையால் பாட்டில் மூடிகளை அடித்துப் பழகிய பையன். பதினெட்டு வயதில் கறுப்பர் அணி ஒன்றோடு வாஷிங்டனுக்கு விளையாடப் போனபோது, ஓர் உணவகத்தில் இவர்கள் சாப்பிட்டு முடித்த தட்டுகளை உள்ளே உடைத்துப் போடும் சத்தம் கேட்டதாம். நம் ஊர் வாசகர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

சரி, ஊசி விஷயத்துக்கு வருகிறேன். இங்கே கறுப்பர்கள் பலருக்கு அரசாங்க மருத்துவத்தின் மேல் பயம் உண்டு, அதற்குக் காரணமும் உண்டு. ஆரன் பிறந்த அதே அலபாமாவில், டஸ்கீகியில், 1932 முதல் 1972 வரை கறுப்பின ஆண்கள் நூற்றுக்கணக்கானவர்களுக்கு மேகநோய் (சிபிலிஸ்) இருப்பது தெரிந்தும், மருந்து வந்த பிறகும், அதைக் கொடுக்காமல் அரசு மருத்துவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். அந்தப் பயத்தைப் போக்கத்தான் ஜனவரி 5-ம் தேதி, மோர்ஹவுஸ் மருத்துவக் கல்லூரியில், அட்லாண்டாவின் முன்னாள் மேயர் ஆண்ட்ரூ யங்கும் உடன் போட்டுக்கொள்ள, எல்லோரும் பார்க்க ஆரன் ஊசி போட்டுக்கொண்டார். 17 நாள் கழித்துத் தூக்கத்திலேயே இறந்தார். இது இயற்கை மரணம், ஒவ்வாமைக்கான அறிகுறி எதுவும் தெரியவில்லை என்று ஃபுல்டன் மாவட்ட மருத்துவப் பரிசோதகர் அலுவலகம் சொல்லிவிட்டது. மற்றவர்கள் பயப்படாமல் இருக்கட்டும் என்று கையை நீட்டியவரின் பெயரை வைத்தே பயத்தைப் பரப்புகிறார்கள். உயிரோடு இருந்தபோது பொய்யும் வெறுப்புமாக வந்த தபால் போதாதா?

புதன்கிழமை அவரது இறுதி ஊர்வலம், பழைய மைதானம் இருந்த இடத்தின் வழியாகச் சுற்றிப் போனது. மைதானத்தை 1997-லேயே இடித்துவிட்டார்கள். பிறகு அது கார் நிறுத்துமிடம் ஆனது. 715-வது பந்து தாண்டிப்போன இடத்தில் மட்டும் வேலியின் ஒரு துண்டை விட்டுவைத்திருக்கிறார்கள். மறுநாள் மருமகனோடு போய்ப் பார்த்தேன். கீழே பூக்களாக இருந்தன. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தோம்.

நம் ஊரில் 16-ம் தேதி சுகாதாரப் பணியாளர்களுக்கு ஊசி தொடங்கிவிட்டது. எங்கள் வயதுக்காரர்கள் முறையும் வரும். மருத்துவப் பரிசோதகர் சொன்னதை இரண்டு வரியாவது அதே விளையாட்டுப் பக்கத்தில் போடுங்கள். எங்கள் குழுவில் முக்கால்வாசிப் பேர் காலையில் முதலில் பிரிப்பது உங்கள் பத்திரிகையைத்தான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆர்.எம்.எஸ். ஊழியர்,
திருச்சி (தற்சமயம் அட்லாண்டா)
29.01.2021