மழை விட்ட பிறகு வரும் பத்து நாட்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தென்மேற்குப் பருவமழைக்கு நீலகிரியில் நடக்கும் முன்னேற்பாடுகள் பற்றி உங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். மண் மூட்டை, பொக்லைன், மரம் அறுக்கும் இயந்திரம், முகாம் அமைக்கப் பள்ளிக்கூடங்கள், மீட்புக் குழு என்று எல்லாம் இருந்தது. எல்லாமே வேண்டியவைதான். 2009 நவம்பர் மண்சரிவை இந்த மலையில் யாரும் மறக்கவில்லை. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியதையும் பார்த்துவிட்டோம். ஆனால் அந்தச் செய்தியில் கொசு என்ற சொல்லைத் தேடினேன், கிடைக்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் பந்தலூர் வட்டத்தில் கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அடைமழை பெய்யும்போது எங்கள் பக்கம் கொசுத் தொல்லை அவ்வளவாக இருக்காது. வாளியில் இருக்கும் கொசுப் புழுவையும் மழைத்தண்ணீர் நிரம்பி வழிந்து அடித்துக்கொண்டு போய்விடும். மழை விட்டு, வெயில் எட்டிப் பார்த்து, ஆங்காங்கே தண்ணீர் தேங்கி நிற்கும்போதுதான் ஆரம்பிக்கிறது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு, முட்டையிலிருந்து இறக்கை முளைத்துப் பறக்க ஏழு முதல் பத்து நாள் போதும். குளிர் கூடினால் இன்னும் சில நாள் ஆகும், அவ்வளவுதான். மீட்புப் படை ஊர் திரும்பி, முகாம்கள் காலியாகி, அதிகாரிகள் அப்பாடா என்று உட்காரும் நேரம் அது. பேரிடர் முடிந்துவிட்டது என்று நாம் கணக்கை மூடும் அன்றைக்குத்தான் கொசுவின் கணக்கு தொடங்குகிறது.

நீலகிரி என்றாலே எல்லோருக்கும் ஊட்டிதான் ஞாபகம் வருகிறது. அந்தக் குளிரில் கொசு எங்கே இருக்கிறது என்று கேட்கிறார்கள். ஊட்டி 2,200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, சரி. கூடலூர் அதில் பாதி உயரம்கூட இல்லை. பந்தலூர், தேவாலா, சேரம்பாடி, மசினகுடி, பர்லியாறு எல்லாம் கொசுவுக்குத் தோதான இடங்கள். போதாததற்கு நாடுகாணி, பாட்டவயல், தாளூர் வழியாகக் கேரளாவுக்கும் இங்குமாக ஆட்கள் தினமும் போய் வருகிறார்கள். 2021-ல் கேரளாவில் ஜிகா வைரஸ் காய்ச்சல் வந்தபோது நாங்கள் எல்லாம் எவ்வளவு பதறினோம் என்பது எனக்குத்தான் தெரியும். ஜிகாவைப் பரப்புவதும் இதே ஏடிஸ்தான்.

காய்ச்சலும் இந்த மலைக்குப் புதிதில்லை. கொசுவுக்கும் மலேரியாவுக்கும் உள்ள தொடர்பைக் கண்டுபிடித்த ரொனால்டு ராஸ், 1897-ல் விடுமுறைக்கு ஊட்டிக்கு வந்தவர், கல்லட்டி வழியாக இறங்கும் சீகூர் மலைப்பாதைப் பக்கம் மலேரியாவை ஆராயப் போய், அவரே காய்ச்சலில் விழுந்தார். அதே வருடம் ஆகஸ்ட் 20-ம் தேதி செகந்திராபாத்தில் அனாபிலஸ் கொசுவின் வயிற்றுக்குள் மலேரியாக் கிருமியைப் பார்த்தார். அந்த நாளைத்தான் உலகக் கொசு நாளாகக் கடைப்பிடிக்கிறோம். 1902-ல் அவருக்கு நோபல் பரிசு. மசினகுடிக்கு வண்டி ஓட்டும் தம்பிகளிடம் நான் இதைச் சொன்னால், "நம்ம கல்லட்டியிலயா அம்மா?" என்று ஆச்சரியப்படுகிறார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்காவது இதைச் சொல்ல வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை.

இப்போதைய கொசு எங்கே வளர்கிறது என்று தெரிந்துகொள்ள ஆராய்ச்சி தேவையில்லை, எங்கள் பாடிகளுக்கு, அதாவது தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகளுக்கு வந்தால் போதும். காற்றுக்குத் தகரக் கூரை பறக்காமல் இருக்க மேலே பழைய டயர் வைத்திருப்பார்கள். விறகின் மேல் தார்ப்பாய் போட்டிருப்பார்கள், அதன் மடிப்பில் தண்ணீர் நிற்கும். பாக்குத் தோட்டத்தில் உதிர்ந்து கிடக்கும் பாளை ஒவ்வொன்றும் ஒரு தொட்டிதான். போன வருடம் பள்ளிப் பிள்ளைகள் நாலு பேரைக் கூட்டிப்போய் ஒரு பாளையைக் காட்டினேன். ஒரு டம்ளர் தண்ணீர்கூட இருக்காது. டார்ச் அடித்தால் நூல் துண்டுகள் மாதிரி புழுக்கள் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தன. ஒரு பிள்ளை குனிந்தான்; அவன் நிழல் பட்டதும் அத்தனையும் நெளிந்து நெளிந்து அடிக்குப் போய்விட்டன. எண்ணச் சொன்னேன். நாற்பதுக்கு மேல் எண்ணிவிட்டு, முடியவில்லை டீச்சர் என்றான். நான் டீச்சர் இல்லை, ஆனாலும் அன்றைக்கு அப்படிக் கூப்பிட்டது எனக்குப் பிடித்திருந்தது.

டிரம்மையும் தொட்டியையும் கவிழ்த்துக் கொட்டினால் போதும் என்று பலரும் நினைக்கிறார்கள். போதாது. ஏடிஸ் தண்ணீருக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் உள்சுவரில் முட்டையை ஒட்டிவிட்டுப் போகும். காய்ந்து கிடந்தாலும் அந்த முட்டை மாதக் கணக்கில் உயிரோடு இருக்கும். மறுபடி தண்ணீர் ஏறியதும் பொரிக்கும். அதனால் தேங்காய் நாரோ பிரஷோ வைத்து உள்சுவரை அழுத்தித் தேய்க்க வேண்டும், வாரம் ஒரு முறை. புகை மருந்து வண்டி தெருவில் வந்தால் மக்களுக்கு ஒரு திருப்தி. காய்ச்சல் கண்ட இடத்தில் அது வேண்டியதுதான், நான் மறுக்கவில்லை. ஆனால் புகை பறக்கும் கொசுவைத்தான் கொல்லும், பாளைக்குள் இருக்கும் புழுவை ஒன்றும் செய்யாது. மழை விட்டு மூன்றாவது வாரம் வரும் புகை வண்டியைவிட, முதல் வாரம் வரும் இரண்டு பணியாளர்கள் எவ்வளவோ மேல்.

அந்தப் பணியாளர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். வீடு வீடாகப் போய், தேங்கிய தண்ணீரில் புழுவைக் கொல்லும் அபேட் மருந்து ஊற்றும் கொசு ஒழிப்புப் பணியாளர்கள் தினக்கூலிகள். மழைக்கோட்டு இல்லாமல், அட்டைப்பூச்சி கடிக்காமல் இருக்க உப்பும் சோப்பும் காலில் தேய்த்துக்கொண்டு தேயிலைக்குள் நடப்பார்கள். மீட்புக் குழுவுக்கு வண்டி ஏற்பாடு செய்கிறோம், சாப்பாடு ஏற்பாடு செய்கிறோம். இவர்களும் மீட்புக் குழுதான் என்று என்றைக்கு நினைக்கப்போகிறோம்?

சில வருடங்களுக்கு முன்பு நடந்தது இது. பக்கத்து வீட்டுப் பையன், அப்போது பத்து வயது. ஆகஸ்ட் மாதம் மூன்று நாள் நல்ல காய்ச்சல். இரண்டாம் நாளே மருத்துவமனைக்குக் கூட்டிப்போயிருக்கிறார்கள். மாத்திரை கொடுத்து, காய்ச்சல் விடாவிட்டால் வாருங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். நான்காம் நாள் காலையில் அவன் அம்மா வாசலில் வந்து, "காய்ச்சல் விட்ருச்சு நர்சம்மா, கஞ்சி குடிச்சிட்டான்" என்று சிரித்த முகமாகச் சொன்னாள். எனக்கு மனசு கேட்காமல் மத்தியானம் போய்ப் பார்த்தேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தான். அதற்குள் மூன்று தடவை வாந்தி. கையைத் தொட்டால் சில்லென்று ஈரமாக இருந்தது. கூப்பிட்டால் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டான்.

108-க்குப் போன் செய்தோம், வண்டியும் வந்தது. ஆனால் வழியில் மரம் விழுந்து ரோடு அடைத்துக் கிடந்தது. கம்பளியில் சுற்றி, அவன் மாமா தோளில் தூக்கிக்கொண்டு மழையில் நடந்தார். விழுந்த மரத்துக்கு அடியில் அவர் குனிந்து போகும்போது பையன் தலை கிளையில் படாமல் நான் கையால் மறைத்துக்கொண்டே போனேன். அந்தப் பக்கம் ஆம்புலன்ஸ் விளக்குப் போட்டு நின்றது. இரண்டு நாள் குளுக்கோஸ் ஏற்றி, ரத்தம் சோதித்து, பிழைத்துக்கொண்டான். மரம் ஒன்று விழுந்ததோடு போயிற்று. ரோடே சரிந்திருந்தால் என்ன செய்திருப்போம் என்று நினைத்தால் இன்றைக்கும் தூக்கம் வராது.

இந்த டெங்குக் காய்ச்சலில் ஆபத்து பெரும்பாலும் காய்ச்சல் விடும்போதுதான் வருகிறது. ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து வெளியேறும், ரத்தம் கெட்டிப்படும், அழுத்தம் இறங்கும். "விடாவிட்டால் வாருங்கள்" என்பது பாதி உண்மை. "விட்டாலும் இரண்டு நாள் கவனியுங்கள்" என்று அந்தத் தாயிடம் ஒருவர் சொல்லியிருந்தால் காலையிலேயே கிளம்பியிருப்பார்கள். எல்லோரும் பிளேட்லெட் எண்ணிக்கையைப் பற்றியே பேசுகிறார்கள். ரத்தம் எவ்வளவு கெட்டிப்பட்டிருக்கிறது என்று பார்ப்பதும் அதே அளவு முக்கியம். அதற்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்த அணு எண்ணும் கருவி ஓட வேண்டும், மின்சாரம் போன நாளிலும் ஓட வேண்டும். கூடலூரிலிருந்து ஊட்டிக்கு 50 கிலோமீட்டர், அதுவும் ரோடு திறந்திருந்தால்.

இன்னொன்று, எங்கள் வேலையிலேயே ஏற்கெனவே இருக்கும் வழக்கம்தான். பெருமழை எச்சரிக்கை வந்தால், பிரசவத் தேதி நெருங்கிய கர்ப்பிணிகளின் பெயரை எழுதி, ரோடு அடைபடும் முன்பே மருத்துவமனைக்கு அனுப்பிவைப்போம். அதே நோட்டில் காய்ச்சல்காரர்களுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கலாமே. மூன்றாம் நாள், நான்காம் நாளில் இருப்பவர்களை, அதிலும் சிறு பிள்ளைகளையும் கர்ப்பிணிகளையும் ரத்தச் சோகை உள்ள பழங்குடிப் பிள்ளைகளையும் முன்கூட்டியே மருத்துவமனைக்குக் கொண்டுவந்துவிடலாம். மாவட்ட நிர்வாகத்தின் பருவமழைத் திட்டத்தில், மழை நின்ற மறுநாளிலிருந்து ஏழு நாளைக்கு எந்த ஊராட்சியில் யார் டயரையும் பாளையையும் டிரம்மையும் பார்ப்பது என்று தேதியோடு எழுதி வைக்க வேண்டும். முகாமாக இருந்த பள்ளிக்கூடத்தைத் திருப்பிக் கொடுக்கும் முன் அதன் மொட்டை மாடியையும் பார்த்துவிட வேண்டும்.

உங்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. ஜூன் பிறப்பதற்குள் அபாய அறிகுறிகளைப் பெரிய எழுத்தில் உங்கள் நாளிதழில் கால் பக்கத்துக்குப் போடுங்கள்: கடும் வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கறுப்பு மலம், தூங்கித் தூங்கி விழுவது, கைகால் சில்லிடுவது. வலிக்கும் காய்ச்சலுக்கும் பாராசிட்டமால் தவிர ஆஸ்பிரினோ ப்ரூஃபெனோ கடையில் வாங்கிப் போட வேண்டாம் என்பதையும் சேருங்கள். எங்கள் பக்கம் பணியர் பழங்குடிக் குடியிருப்புகளில் தமிழ் படிக்கத் தெரியாத பெரியவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்குப் புரியும்படி படம் போட்டால் இன்னும் நல்லது. அந்தத் தாளை நறுக்கி, சேரம்பாடியிலிருந்து தேவாலா வரை ஒவ்வொரு பாடியிலும் தண்ணீர்க் குழாய் பக்கத்துச் சுவரில் ஒட்டுவதற்கு நான் பொறுப்பு. பசையும் ஆளும் நான் பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர்,
பந்தலூர் வட்டம், நீலகிரி.