அடுத்த கன்சோலில் வேகத்தை மட்டும் பார்த்தால் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புதிய கேம் கன்சோல் எது வந்தாலும் தங்கள் நாளிதழில் விரிவான அறிமுகம் வருகிறது. எத்தனை டெராஃப்ளாப்ஸ், எத்தனை ஃபிரேம், 4கே-யா 8கே-யா என்பதெல்லாம் அதில் இருக்கிறது. கருவியில் எந்தப் பாகம் முதலில் தேயும், தேய்ந்தால் அதை மட்டும் மாற்ற முடியுமா என்பதற்கு ஒரு வரிகூட இல்லை. கேம் கருவிகளின் எதிர்காலத்தை இந்தக் கேள்விதான் தீர்மானிக்கும் என்று உறுதியாக நம்புகிறேன்.

சிப் கெட்டுப்போய் ஒரு தலைமுறைக் கன்சோலே திணறியது எக்ஸ்பாக்ஸ் 360 காலத்தில். 2007 ஜூலையில் மைக்ரோசாஃப்ட் அதன் உத்தரவாதத்தை 3 ஆண்டுகளாக நீட்டித்து, நூறு கோடி டாலருக்கு மேல் செலவுக் கணக்கு காட்டியது. இன்று கருவியை மூலையில் போட வைப்பவை பெரும்பாலும் அதைவிடச் சின்ன சமாச்சாரங்கள்: ஸ்டிக், பேட்டரி, டிஸ்க் டிரைவ்.

முதலில் ஸ்டிக், அதாவது கன்ட்ரோலரில் கட்டைவிரலால் அசைக்கும் குமிழ். யாரும் தொடாமலே திரையில் பாத்திரம் தானாக நகரும் 'டிரிஃப்ட்' கோளாறு பலருக்கும் தெரியும். சோனியின் பிளேஸ்டேஷன் 5-உடன் (பிஎஸ்5) வரும் டூயல்சென்ஸ் கன்ட்ரோலர், எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலர் இரண்டிலும் ஒவ்வொரு ஸ்டிக்கின் பக்கவாட்டிலும் அசைவை அளக்கும் இரண்டு பொட்டென்ஷியோமீட்டர்கள் உண்டு. ஒன்று மேல்-கீழ் அசைவுக்கு, மற்றது இட-வல அசைவுக்கு. உள்ளே கார்பன் பூசிய தடம். அதன்மேல் சின்ன உலோக நாக்கு உரசி ஓடும். பழைய ரேடியோவில் ஒலியைக் கூட்டும் திருகுக்குள் இருப்பதும் இதே அமைப்புதான், நாளடைவில் அது கரகரப்பதும் இதே காரணத்தால்தான். உரச உரசக் கார்பன் பொடியாக உதிரும். எந்தப் பக்கம் அசைத்தாலும் நாக்கு நடுப்பகுதியைக் கடந்தே திரும்ப வேண்டும் என்பதால் அந்த இடம் முதலில் தேயும். பிறகு ஸ்டிக் நேராக நிற்கும்போதே மின்னழுத்தம் ஏறி இறங்கும்; கன்சோல் அதை அசைவு என்று எடுத்துக்கொள்ளும். இந்த வகை ஸ்டிக்குக்குத் தயாரிப்பாளர் சொல்லும் ஆயுள் சுமார் 20 லட்சம் சுழற்சி. கேட்கப் பெரிதாகத் தோன்றும். சுடும் கேம் ஒன்றில் கட்டைவிரல் நிமிடத்துக்கு எத்தனை முறை அசைகிறது என்று பார்த்தால் அது பெரிய எண் அல்ல.

வாசகர்கள் இதை வீட்டிலேயே சோதிக்கலாம். கன்ட்ரோலரைக் கணினியில் இணைத்து, பிரவுசரில் இயங்கும் கேம்பேட் சோதனைப் பக்கம் ஏதாவது ஒன்றைத் திறந்து, ஸ்டிக்கை விட்டுவிட வேண்டும். எண் 0.02, 0.03 என்று அசையாமல் நின்றால் கவலையில்லை, சின்ன அசைவைக் கணக்கில் எடுக்காத கேமின் 'டெட் ஸோன்' அதை மறைத்துவிடும். 0.15 வரை ஏறிக் குதித்துக்கொண்டே இருந்தால் தடம் தேய்ந்துவிட்டது. பேட்டரி இணைப்பைக் கழற்றி, 99 சதவீத ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் இரண்டு சொட்டு விட்டு, ஸ்டிக்கை நன்றாகச் சுழற்றிக் காயவைத்தால் பொடி விலகும். சில நாளில் கோளாறு திரும்பினால் மேலும் சொட்டு விடுவதில் பயனில்லை. போன கார்பன் ஆல்கஹாலால் வராது.

அடுத்தது மாற்றுவது. இங்கேதான் வடிவமைப்பாளர்கள்மீது கோபம் வருகிறது. டூயல்சென்ஸில் ஒரு ஸ்டிக் மாட்யூல் 14 சால்டர் புள்ளிகளால் பலகையில் பிடிக்கப்பட்டிருக்கிறது. அவற்றில் கிரவுண்ட் எனும் அகன்ற செம்புப் பரப்போடு சேர்ந்த கால்கள் சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். சாதாரண சால்டரிங் அயர்னில் சால்டர் முழுதாக உருகாது. பொறுமையில்லாமல் இழுத்தால் துளையின் உட்பூச்சும் செம்புத் தடமும் பெயர்ந்து வந்துவிடும், பலகையே வீண். குறைந்த சூட்டில் உருகும் சால்டரைப் பழையதோடு கலந்து, எல்லாக் கால்களும் தளர்ந்தபின் மாட்யூலை உருவுவதே சரியான முறை. புதியதை வைத்தபின் நடுப்புள்ளியை மறுபடி அளவீடு செய்ய வேண்டும். இல்லாவிட்டால் புது ஸ்டிக்கும் டிரிஃப்ட் ஆவதுபோலவே காட்டும்.

நின்டெண்டோ ஸ்விட்சின் பக்கவாட்டில் மாட்டும் பழைய ஜாய்-கான் கன்ட்ரோலரில் ஸ்டிக்கைப் பிடித்திருப்பவை இரண்டு ஸ்க்ரூவும் ஒரு ரிப்பன் கேபிளும் மட்டுமே. சால்டர் தேவையில்லை. அதன் வெளிமூடியைத் திறக்க மூன்று கால் வடிவத் திருப்புளி வேண்டும். ரிப்பன் செருகும் இடத்தின் பூட்டை வெளியே இழுக்காமல் நகத்தால் மேலே நிமிர்த்த வேண்டும், இழுத்தால் உடைந்துவிடும். 2023-இல் வந்த டூயல்சென்ஸ் எட்ஜில் ஸ்க்ரூகூட இல்லை. முன்மூடியை எடுத்து, நெம்பியைத் தூக்கினால் மாட்யூல் முழுதாக வெளியே வரும். ஆக, முடியாத காரியம் இல்லை. சாதாரண டூயல்சென்ஸுக்குச் செய்யாததை விலை கூடிய மாடலுக்கு மட்டும் செய்திருக்கிறார்கள்.

தேய்மானமே இல்லாத வழியும் புதிதல்ல. காந்தத்தின் அசைவை உரசாமல் அளக்கும் ஹால் சென்சார் 1996-இலேயே செகா சாட்டர்னின் 3டி கன்ட்ரோலரில் இருந்தது. 1998-இல் டிரீம்காஸ்ட்டிலும் வந்தது. இப்போது டி.எம்.ஆர். என்ற காந்த சென்சார் வந்திருக்கிறது. ஹாலைவிடக் குறைந்த மின்சாரத்தில் இயங்கும். இவற்றிலும் ஸ்பிரிங் தளரும், பிளாஸ்டிக் அச்சு தேயும் என்பதை மறைக்க வேண்டாம். ஆனால் கார்பன் உதிராது. இவ்வளவுக்குப் பிறகும் 2025 ஜூனில் வெளியான ஸ்விட்ச் 2-இன் ஸ்டிக்குகளில் ஹால் சென்சார் இல்லை என்பது வருத்தமான செய்தி.

பேட்டரி விஷயத்தில் கையடக்கக் கருவிகள்தான் அதிகம் அடிபடுகின்றன. டிவியோடு இணைத்து சார்ஜும் ஏற்றும் டாக்கிலேயே எப்போதும் நிறுத்தி வைத்தால், முழு சார்ஜும் சூடும் சேர்ந்து லித்தியம் செல்லைச் சீக்கிரம் முதிரவைக்கும். ஸ்விட்ச் 2-இல் சுமார் 90 சதவீதத்தில் சார்ஜை நிறுத்தும் அமைப்பு உண்டு. அதை இயக்கி வைப்பது நல்லது. மாதக்கணக்கில் எடுக்காத கருவியைப் பாதி சார்ஜில் வைக்க வேண்டும். பின்மூடி உப்பினால் சார்ஜ் ஏற்றுவதை அன்றே நிறுத்திவிட வேண்டும். உலோகக் கருவியால் நெம்பவே கூடாது, செல் கிழிந்தால் தீப்பிடிக்கும். பசை போட்டு ஒட்டிய பேட்டரி ஆபத்தாவது இந்த இடத்தில்தான். ஸ்டீம் டெக் என்ற கையடக்கக் கருவிக்கு வால்வ் நிறுவனம் உதிரிபாகங்கள் விற்க வழிசெய்தது பாராட்டத்தக்கது, ஆனால் அதிலும் பேட்டரி ஒட்டித்தான் இருக்கிறது. எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலரில் ஏஏ செல் போடுவதைப் பழமை என்று கேலி செய்பவர்கள் உண்டு. நீடித்து உழைப்பதில் அதை மிஞ்சிய ஏற்பாடு இன்னும் வரவில்லை.

இணையத்தைச் சார்ந்த கோளாறுகள் தனிவகை. 2023-இல் வந்த மெலிந்த பிஎஸ்5-இல் டிஸ்க் டிரைவைக் கழற்றி மாட்டலாம். ஆனால் முதல்முறை இணைக்கும்போது சோனியின் சர்வரிடம் பதிய வேண்டும். சர்வர் நின்றுபோன காலத்தில் டிரைவ் பழுதானால் புதியதை மாட்டி என்ன பயன்? பிஎஸ்4-இல், உள்ளிருக்கும் கடிகாரத்துக்கான சிஆர்2032 செல் தீர்ந்து இணையமும் இல்லாமல்போனால் கேம்களே திறக்காத நிலை இருந்தது. 2021 செப்டம்பரில் வந்த 9.00 அப்டேட் அதைச் சரிசெய்தது. ஸ்விட்ச் 2-இன் 'கேம்-கீ கார்டு'களுக்குள் கேம் இல்லை. இறக்கிக்கொள்ளும் அனுமதி மட்டுமே இருக்கிறது. கருவியே வேண்டாம், கேம் எல்லாம் தொலைவிலுள்ள சர்வரிலேயே (கிளவுட்) ஓடும் என்று வந்த கூகுள் ஸ்டேடியா 2019 நவம்பரில் தொடங்கி 2023 ஜனவரியில் மூடப்பட்டது. அதன் கன்ட்ரோலரைப் புளூடூத்துக்கு மாற்றும் வசதியை கூகுள் தந்ததால் அந்தப் பாகமாவது பிழைத்தது. சேவையை மூடும் எந்த நிறுவனமும் குறைந்தபட்சம் அதைச் செய்ய வேண்டும்.

2027 பிப்ரவரி 18 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒரு விதி நடைமுறைக்கு வருகிறது. கையடக்கக் கருவியின் பேட்டரியைச் சூடோ கரைப்பானோ இல்லாமல், சாதாரணக் கருவிகளால் பயனாளரே கழற்றும்படி இருக்க வேண்டும். விற்பனை நின்றபின் 5 ஆண்டுகளுக்கு மாற்று பேட்டரி கிடைக்கவும் வேண்டும். அடுத்த கன்சோல் அறிமுகத்துக்குத் தங்கள் செய்தியாளர் செல்லும்போது, ஐரோப்பாவுக்காகச் செய்யும் அந்த அமைப்பு மற்ற நாடுகளில் விற்கும் கருவியிலும் இருக்குமா என்று கேட்டு எழுத வேண்டுகிறேன். ஸ்டிக்கை சால்டர் செய்திருக்கிறார்களா, செருகியிருக்கிறார்களா என்பதையும் மறக்காமல் கேட்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்