இசைத்தட்டுகளை எடைக்குப் போடமுன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வவுனியா, மாங்குளம், கிளிநொச்சிப் பக்கங்களில் பழைய இரும்பும் போத்தலும் வாங்க வருகிறவர்களின் வண்டிகளில் கிராமபோன் இசைத்தட்டுகளும் ஏறிப் போகின்றன. அவற்றில் பெரும்பாலானவை விலை போகாதவைதான். ஆனால் இரண்டாம் உலகப் போரின்போது வவுனியாவில் பிரித்தானிய விமானப்படைத் தளம் இருந்தது. கொழும்பிலிருந்து ரேடியோ சீக் என்ற படை வானொலி படையினருக்காக ஒலிபரப்பியது. அந்தக் காலத்து அமெரிக்க நடன இசையான ஸ்விங் ஜாஸ் தட்டு ஒன்று இங்கே அகப்பட்டால் வியப்பில்லை. எடைக்குப் போடமுன் லேபிளை வாசியுங்கள்.

வானொலிக்கும் விமர்சகருக்கும் இலவசமாக அனுப்பிய தட்டுகளில் வெள்ளை லேபிளோ, ‘சாம்பிள்’, ‘நொட் போர் சேல்’ என்ற அச்சோ இருக்கும். அதனால் மட்டும் விலை ஏறாது. ஸ்விங் இசைக்குழுத் தலைவர் க்ளென் மில்லரின் புகழ்பெற்ற பாட்டுகள் கடைகளில் இலட்சக்கணக்கில் விற்றவை. அவற்றின் சாதாரணப் பிரதியை யாரும் தேடுவதில்லை. எல்பி (நீண்ட நேரம் ஓடும் பிற்காலத் தட்டு) உறையின் மூலை வெட்டப்பட்டிருந்தால் அது இப்படி இலவசமாக அனுப்பிய விளம்பரப் பிரதி என்று சிலர் சொல்கிறார்கள். பெரும்பாலும் அப்படியல்ல, அது விற்காமல் மிஞ்சியதைக் கழித்து விற்றதன் அடையாளம்.

உண்மையில் தேடப்படுபவை அமெரிக்கப் படையினருக்கென 1943 முதல் 1949 வரை அச்சான வி-டிஸ்க்குகள். 1942 ஆகஸ்ட் 1 இல் தொடங்கிய அமெரிக்க இசைக்கலைஞர் வேலைநிறுத்தத்தால் வணிக ஒலிப்பதிவு நின்றிருந்த வேளையிலும், விற்பனைக்கல்ல என்ற நிபந்தனையில் இவற்றுக்கு அனுமதி கிடைத்தது. ஆகவே வேறெங்கும் இல்லாத ஒலிப்பதிவுகள் இவற்றில் உள்ளன. திட்டம் முடிந்ததும் மூல அச்சுகள் அழிக்கப்பட்டன. 12 அங்குல அகலம், நிமிடத்துக்கு 78 சுற்று, பக்கத்துக்கு ஆறு நிமிடத்துக்கு மேலும் ஓடக்கூடியவை. பெரும்பாலானவை வினைலைட் என்ற பிளாஸ்டிக்: நகத்தால் தட்டினால் மந்தமாக ஒலிக்கும். சாதாரண ஷெல்லாக் (அரக்கு) தட்டு கணீரென்று ஒலிக்கும்.

விலையைத் தீர்மானிப்பது தட்டின் நிலைதான். சேகரிப்பாளர், புதியதிலிருந்து இறங்குவரிசையில், ‘என்’, ‘ஈ’, ‘வி’, ‘ஜி’ என்று தரம் பிரிப்பார்கள். ‘வி’ என்றால் ஓரளவு தேய்ந்தது. தட்டைச் சாய்த்து விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். ஊசி ஓடும் பள்ளங்கள் சாம்பல் நிறமாக வெளிறியிருந்தால் இரும்பு ஊசி தின்றுவிட்டது. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு ‘டிக்’ கேட்டால் மயிரிழை வெடிப்பு இருக்கிறது. இணையத்தில் கேட்கும் விலையை நம்பாதீர்கள், விற்று முடிந்த விலையைப் பாருங்கள்.

கையில் வந்ததும் கெடுத்துவிடுவதே அதிகம். ஷெல்லாக் அரக்கினால் ஆனது. ஸ்பிரிட் பட்டால் கரையும். பற்றரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு துளி விட்டு, லேபிள் நனையாமல் மென்துணியால் பள்ளத்தின் போக்கிலேயே துடைத்து, பிறகு வெறும் காய்ச்சி வடித்த தண்ணீரால் துடைத்து, நிமிர்த்தி நிழலில் உலர்த்துங்கள். வினைலைட் தட்டைக் கைச்சாவிக் கிராமபோனில் போடவே கூடாது: ஊசியைத் தாங்கும் கனத்த கை, இரும்பு ஊசி, சில தடவையிலேயே பள்ளம் கிழிந்துவிடும். 78 சுற்றுத் தட்டுக்கு சுமார் 0.003 அங்குல முனை ஆரமுள்ள ஊசி வேண்டும்; எல்பி ஊசி பள்ளத்தின் அடியில் உரசி இரைச்சலைத்தான் எடுக்கும். நமது வெயிலில் தகரக் கூரைக்குக் கீழ் வினைலைட் வளையும். அலுமாரியில், சுவரோரமாக அல்லாமல், நெருக்கமாக நிமிர்த்தி வையுங்கள். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வேண்டாம்.

நமது பிரதேச சபை நூலகங்கள் இத்தகைய தட்டுகளைக் கொண்டுவருவோரிடம் லேபிளையும், அதைச் சுற்றியுள்ள வெறும் வளையத்தில் பொறித்த இலக்கத்தையும் படமெடுத்துப் பதிவு செய்து வைக்கலாம். அதற்கு ஒரு கைபேசியும் ஒரு பதிவேடும் போதும்.

இப்படிக்கு,
இசைத்தட்டுச் சேகரிப்பாளர்கள் சிலர்,
வவுனியா